ஊராட்சிக் குடிநீர்ப் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்தால்: வேலூர் மாவட்டத்தில் செய்ய வேண்டியவை

2021 அக்டோபரில் வேலூர் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் நான் வார்டு உறுப்பினரானேன். பள்ளியில் வேதியியல் எனக்கு நன்றாக வரும் என்று யாரோ சொன்ன ஒரே காரணத்துக்காக, கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் மழையில் ஒரே தெருவில் ஏழெட்டுப் பேருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. சுகாதார ஆய்வாளர் வந்து மூன்று காகிதங்களைக் கேட்டார். குளோரின் பதிவேடு இருந்தது. ஆனால் ஒரு மாதம் முழுவதும் 0.5, 0.5 என்று ஒரே பேனாவில் ஒரே மூச்சில் எழுதப்பட்டிருந்தது. ஆய்வக அறிக்கை இருந்தது. ஆனால் அது ஆழ்துளைக் கிணற்றின் தண்ணீருக்கானது, மக்கள் குடிக்கும் குழாய்த் தண்ணீருக்கானது அல்ல. தொட்டி சுத்தம் செய்த பதிவேடு யார் வீட்டில் இருக்கிறது என்பதே தெரியவில்லை. அவர் திட்டவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அதன்பின் ஓராண்டு அலைந்து கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் தலைவர், வார்டு உறுப்பினர், ஊராட்சிச் செயலர், குழு உறுப்பினர், தொட்டி ஆபரேட்டர் ஆகியோருக்கு இது நேராகப் பயன்படும். சொந்த ஆழ்துளைக் கிணறும் தொட்டியும் வைத்து வீடுகளுக்குத் தண்ணீர் விடும் நகர்ப்புற ஓரத்துக் குடியிருப்போர் சங்கங்களுக்கும், பணம் பற்றிய பகுதியைத் தவிர, மற்றவை பொருந்தும்.

1. எந்தக் குழாய்க்கு எந்தத் தண்ணீர் வருகிறது என்று வரைந்துகொள்ளுங்கள்

முதல் வாரத்தில் வேறு எதையும் தொடாதீர்கள். தொட்டி ஆபரேட்டரை அழைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கடைசி வீட்டுக் குழாய் வரை நடந்து பாருங்கள். காகிதத்தில் இருக்கும் வரைபடம் பெரும்பாலும் திட்டம் போட்ட நாளில் வரைந்தது; வால்வு எங்கே புதைந்திருக்கிறது, எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் திறப்பு, எந்தக் குழாய் சாக்கடையைக் கடந்து போகிறது என்பதெல்லாம் ஆபரேட்டரின் தலைக்குள் மட்டுமே இருக்கும். அவர் ஒரு வாரம் விடுப்பில் போனால் ஊருக்கே தெரியாமல் போய்விடும் செய்தி அது.

நம் பகுதியில் பெரும்பாலான ஊர்களுக்கு இரண்டு வகைத் தண்ணீர் வருகிறது. ஒன்று உள்ளூர் ஆழ்துளைக் கிணறு அல்லது பாலாறு, பொன்னை போன்ற ஆற்றுப் படுகைக் கிணறு. மற்றொன்று காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர். இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கின்றனவா, தனித்தனித் தொட்டியா, அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி விடப்படுகின்றனவா என்பதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நைட்ரேட், அதாவது கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் நிலத்தடி நீரில் சேரும் உப்பு, பற்றிச் சொல்லும்போது இது ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

நடக்கும்போது மூன்றைத் தனியாகக் குறியுங்கள்: கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்குள் இருக்கும் கழிவறை உறிஞ்சுகுழி, மாட்டுக் கொட்டகை, குப்பைமேடு ஆகியவை; சாக்கடை நீர் தேங்கும் வால்வுக் குழிகள்; குழாயில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சும் வீடுகள். மூன்றாவதைச் சொல்லும்போது ஊரில் மனக்கசப்பு வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாக வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. எங்கள் ஊரில் நடந்தது இதுதான். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டு மோட்டாரும், பள்ளத்தில் ஓர் உடைந்த வால்வுக் குழியும் சேர்ந்தே அந்த நவம்பரைக் கொண்டுவந்தன.

2. கையில் இருக்க வேண்டிய பதிவேடுகள்

பழைய பதிவேடுகளைத் தேடி நேரம் வீணாக்க வேண்டாம். கிடைத்தவற்றை ஒரு பையில் கட்டி வைத்துவிட்டு, இன்றைய தேதியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். ஐந்து போதும்.

குளோரின் பதிவேட்டில் தேதி, நேரம், தொட்டி, போட்ட பிளீச்சிங் பவுடரின் கிராம், எந்தக் குழாயில் அளந்தது, அளவு, அளந்தவர் கையெழுத்து என ஏழு பத்திகள் இருக்க வேண்டும். எங்கள் பழைய பதிவேட்டில் ‘எந்தக் குழாயில்’ என்ற பத்தியே கிடையாது. பிழை தொடங்கிய இடம் அது. தொட்டி சுத்தம் செய்த பதிவேடு, மோட்டார் ஓட்டிய நேரப் பதிவேடு, பழுதுப் பதிவேடு, ஆய்வக அறிக்கைக் கோப்பு ஆகியவை மற்ற நான்கு. பழுதுப் பதிவேட்டில் குழாய் உடைந்த நாளும் சரிசெய்த நாளும் தெருப் பெயருடன் இருந்தால், நோய் வரும்போது காரணத்தைத் தேடும் வேலை பாதி குறைந்துவிடும்.

இவற்றோடு, குடிநீர்க் குழு அமைத்த கிராம சபைத் தீர்மானத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதலின்படி, இந்தக் குழுவில் 10 முதல் 15 பேர் இருக்கலாம். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கால் பங்கு தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள், கால் பங்கு நலிந்த பிரிவினர். ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு, ஊரிலேயே தண்ணீரைச் சோதிக்க உதவும் களப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்பதும் அதே திட்டத்தில் உள்ளது. உங்கள் ஊரில் அந்த ஐவர் யார் என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இருந்து, பெட்டி பிரிக்கப்படாமல் அலுவலக அலமாரியில் இருப்பதை நீங்கள் காணக்கூடும். பெட்டியைத் திறந்தவுடன் மருந்துப் புட்டிகளின் காலாவதித் தேதியைப் பாருங்கள்; காலாவதியான மருந்தில் வரும் நிறம் எதையும் நிரூபிக்காது.

3. குளோரின்: கணக்கு எளிது, தவறுகள் ஏராளம்

தமிழக ஊராட்சிகளில் வழக்கமாகப் பின்பற்றும் அளவு 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதாவது 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம், 30,000 லிட்டருக்கு 120 கிராம், 60,000 லிட்டருக்கு 240 கிராம். புதிய பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் குளோரின் இருப்பதால், 4 கிராமிலிருந்து லிட்டருக்குச் சுமார் 1.3 மில்லிகிராம் கிடைக்கிறது. தண்ணீரில் உள்ள அழுக்கு அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மிஞ்சுவதே கடைசிக் குழாய் வரை காவல் நிற்கிறது.

இங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. கத்தரி வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில், வாய் திறந்த மூட்டையில் கிடக்கும் பவுடர் வேகமாக வீரியம் இழக்கிறது. அது 20 சதவீதமாக இறங்கிவிட்டால், அதே 4 கிராமிலிருந்து 0.8 மில்லிகிராம்தான் வரும். ஆபரேட்டர் நாணயமாக அளந்து போட்டிருப்பார். பதிவேடும் சரியாக இருக்கும். குழாயில் ஒன்றும் இருக்காது. ஆகவே 25 கிலோ மூட்டையை வாங்குவதற்கு முன் கணக்குப் போடுங்கள். எங்கள் ஊராட்சியின் மூன்று தொட்டிகளும் சேர்ந்து ஒரு லட்சம் லிட்டர். நாளுக்கு இருமுறை நிரம்பினால் 800 கிராம், மாதத்துக்கு 24 கிலோ. ஒரு மூட்டை ஒரு மாதத்துக்குச் சரியாகப் போகும். ஆனால் ஒரே ஒரு 30,000 லிட்டர் தொட்டி மட்டும் உள்ள சிற்றூரில் அதே மூட்டை மூன்று மாதத்துக்கு மேல் கிடக்கும். அப்படிப்பட்ட ஊர்கள் பக்கத்து ஊராட்சியோடு ஒரு மூட்டையைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது. வாங்கும்போது உற்பத்தித் தேதியைப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தாலும், மூடியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாவிட்டாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாங்கிய பின் மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம்மில் மாற்றி, நிழலில், ஈரம் படாமல், மோட்டார் ஸ்டார்டரிலிருந்து தள்ளி வையுங்கள். அதன் ஆவி இரும்பையும் செம்பையும் அரித்துவிடும்.

போடும் முறையில் மூன்று விதிகள் உண்டு. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் சிறிது தண்ணீர் விட்டுப் பசைபோலக் குழைத்து, பின் வாளி நிறையத் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை ஊற்றினால் அது தொட்டியின் தரையிலும் வால்விலும் படியும். தொட்டி மூன்றில் ஒரு பங்கு நிரம்பியபின் ஊற்றினால், மேலும் விழும் தண்ணீரே கலக்கிவிடும். ஊற்றி முடித்துக் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். இந்த அரை மணியைத்தான் எல்லோரும் விழுங்குகிறார்கள். காலை ஐந்தரைக்கே குடங்கள் வரிசையில் நிற்பதால், ஆபரேட்டர் மருந்தைப் போட்ட கையோடு வால்வைத் திருப்பிவிடுகிறார். தீர்வு, முந்தைய இரவே தொட்டியை நிரப்பி மருந்து போட்டுவிடுவது. மின்சாரம் எந்த நேரத்தில் நிலையாக வருகிறது என்பதைப் பார்த்து மோட்டார் நேரத்தை மாற்றினால் இது கூடுதல் செலவில்லாமல் நடக்கும்.

பவுடரைக் கையாள்பவருக்கு கையுறையும் முகக் கவசமும் ஊராட்சிச் செலவில் வாங்கிக் கொடுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை அந்த அறையில் வைக்கவே வைக்காதீர்கள்; இரண்டும் கலந்தால் நச்சு வாயு வரும்.

“தண்ணியில மருந்து நாத்தம் அடிக்குதுபா” என்று முதல் வாரம் புகார் வரும். பயந்து அளவைக் குறைக்காதீர்கள். குடத்தில் பிடித்துத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் நெடி போய்விடும் என்று சொல்லுங்கள். நாலு தெருவிலும் நீங்களே போய்ச் சொல்வது நோட்டீஸ் அடிப்பதைவிடப் பயன் தரும்.

4. அளவைத் தொட்டியடியில் அல்ல, கடைசிக் குழாயில் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் குளோரின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சாக்கடையைக் கடந்து, இரண்டு வால்வுக் குழிகளைத் தாண்டி, ஊர்க் கோடியில் இருக்கும் குழாயில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கேள்வி. இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி (2012) எஞ்சிய குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும்; வைரஸ் தொற்றிலிருந்து பாதுகாப்புத் தேவைப்படும் காலத்தில் 0.5. மழைக்காலத்திலும், பக்கத்து ஊரில் வயிற்றுப்போக்கு என்று காதில் விழுந்தாலும், 0.5-ஐ இலக்காக வையுங்கள்.

அளப்பதற்கு, குளோரின் அளவை நிறத்தால் காட்டும் சிறு கருவியான குளோரோஸ்கோப் போதும். பிடித்த தண்ணீரில் ஆர்த்தோடாலிடின் என்ற சோதனை மருந்தின் சொட்டை விட்டவுடன் வரும் மஞ்சள் நிறத்தை உடனே ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துப் படித்தால், வேறு பொருள்களோடு சேர்ந்துவிட்ட, வீரியம் குறைந்த குளோரினும் நிறம் காட்டி, எண்ணைக் கூட்டிவிடும். வெயிலை நேராகப் பார்த்துப் படிக்காமல் நிழலில் வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் வைத்துப் படியுங்கள்.

கடைக்கோடிக் குழாயில் எண் பூஜ்யமாக இருந்து தொட்டியடியில் நன்றாக இருந்தால், இடையில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது அல்லது அழுக்குப் படிந்திருக்கிறது என்று பொருள். அப்போது மருந்தைக் கூட்டுவதற்கு முன், தெருத் தெருவாக அளந்துகொண்டே வந்து எண் எங்கே விழுகிறது என்று கண்டுபிடியுங்கள். இரண்டு இடத்திலும் குறைவாக இருந்தால், பவுடர் பழையது அல்லது அளவு போதவில்லை. தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8-க்கு மேல் இருந்தாலும் குளோரின் மெதுவாகவே வேலை செய்யும். அங்கே அரை மணி காத்திருப்பை ஒரு மணியாக்குங்கள்.

பதிவேட்டில் 0.1 என்றோ ‘இல்லை’ என்றோ எழுத ஆபரேட்டர் தயங்குவார். தன் மேல் குற்றம் வரும் என்று நினைப்பார். முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பூஜ்யம்னு எழுதினா யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க, பூஜ்யத்தை அரைன்னு எழுதினாதான் கேப்பாங்க.” எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பிறகுதான் பதிவேட்டில் உண்மையான எண்கள் வரத் தொடங்கின. வாரத்தில் ஒருநாள் நீங்களோ, பயிற்சி பெற்ற ஐவரில் ஒருவரோ அளந்து, அதே பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

5. தொட்டி சுத்தம்

மாதம் இருமுறை, 5-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும், தொட்டி சுத்தம் செய்வது நம் ஊராட்சிகளின் நடைமுறை. சுத்தம் செய்த நாளையும் அடுத்த நாளையும் தொட்டித் தூணில் எழுதி வைப்பார்கள். பெயின்ட் மட்டும் புதிதாக இருந்து உள்ளே பாசி இருக்கும் தொட்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஏறிப் பார்க்க முடியாதவர் செல்பேசியில் உட்புறத்தைப் படம் எடுத்துவரச் சொல்லுங்கள்.

முந்தைய நாளே ஒலிபெருக்கியிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லி, தண்ணீர் வராது என்பதை அறிவித்துவிட வேண்டும். தண்ணீரை வடித்து, சுவரையும் தரையையும் தேய்த்து, வண்டலை வெளியேற்றி, பிளீச்சிங் கரைசலால் கழுவி, மீண்டும் அலசிய தண்ணீரைக் கழிவாக வெளியே விட வேண்டும். அது வீட்டுக் குழாய்க்குப் போகக் கூடாது. ஒருவர் மட்டும் உள்ளே இறங்குவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். மூடிய தொட்டிக்குள் குளோரின் ஆவி மூச்சை அடைக்கும். மேலே ஒருவர் நின்றே ஆக வேண்டும். மூடியும் காற்றுக் குழாயின் வலையும் கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள். புறாவும் அணிலும் உள்ளே விழுந்த கதை எல்லா ஊரிலும் உண்டு.

6. ஆய்வகத்துக்கு மாதிரி கொண்டுபோவது

களப் பெட்டி முதற்கட்டச் சோதனைக்கு மட்டுமே. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலூர் ஆய்வகத்தில் சோதித்த அறிக்கையே கோப்பில் நிற்கும். வேதியியல் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது, நுண்ணுயிர்ச் சோதனை மழைக்கு முன்னும் பின்னுமாக இருமுறை செய்ய வேண்டும். வேதியியல் மாதிரியை மே மாதத்தில் எடுப்பது என் யோசனை. நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும்போது உப்பும் நைட்ரேட்டும் எவ்வளவு ஏறுகின்றன என்பது அப்போதுதான் தெரியும். நுண்ணுயிர் மாதிரியை முதல் கனமழைக்குப் பின் தள்ளிப்போடாமல் எடுங்கள்.

நான் முதல்முறை போனபோது என் மாதிரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலியான கூல்டிரிங் பாட்டிலில் பிடித்து, வெயிலில் பேருந்தில் இரண்டு மணி நேரம் கொண்டுபோய், சனிக்கிழமை நண்பகலில் நீட்டினேன். மூன்றும் தவறு.

வேதியியல் சோதனைக்கு இரண்டு லிட்டர் பிடிக்கும் சுத்தமான பிளாஸ்டிக் கேன் போதும். அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி, மூடுங்கள். நுண்ணுயிர்ச் சோதனைக்கு ஆய்வகத்திலிருந்தே கிருமி நீக்கிய பாட்டிலை முன்கூட்டி வாங்கி வர வேண்டும். அந்த பாட்டிலை அலசவே கூடாது. தண்ணீரில் உள்ள குளோரினை முறிப்பதற்காக சோடியம் தயோசல்பேட் அதற்குள் போட்டிருப்பார்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல் பிடித்து, மேலே சிறிது இடம் விட்டு மூடுங்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு வைத்து, அன்றைக்கே, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள், சேர்த்துவிடுங்கள். கிருமி வளர்ந்து தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் வாரத் தொடக்கத்தில் போவதே உகந்தது. போவதற்கு முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் ஒரு நாள் கூலி மிச்சம்.

எங்கே பிடிப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். மருந்து போடுவதற்கு முன் கிணற்றில் ஒன்று, தொட்டியடியில் ஒன்று, கடைக்கோடிக் குழாயில் ஒன்று, பள்ளி அல்லது அங்கன்வாடிக் குழாயில் ஒன்று. ஒவ்வொரு பாட்டிலின் மேலும் ஊர், தெரு, ஆதாரம், தேதி, மணி, அந்த நேரத்துக் குளோரின் அளவு ஆகியவற்றை அழியாத மையில் எழுதுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் நீர்த்தரத் தகவல் தளத்தில் மாதிரியைப் பதிவுசெய்தால் அதற்கு எண் கிடைக்கும். அறிக்கையையும் அங்கே பார்க்கலாம். பொதுமக்களும் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் குறைந்த கட்டணத்தில் சோதிக்கலாம் என்பதைச் சொல்லி வையுங்கள். உங்கள் அறிக்கையை நம்பாதவர்கள் தாங்களாகவே சோதித்துப் பார்க்கட்டும்.

இன்னொரு கண்ணி நம் பகுதிக்கே உரியது. தோல் பதனிடும் கழிவில் வரும் குரோமியம் என்ற உலோகம் வழக்கமான வேதியியல் சோதனையில் இருக்காது. களப் பெட்டியிலும் இல்லை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைகளுக்கோ பழைய ரசாயனக் கழிவுமேட்டுக்கோ அருகில் உங்கள் கிணறு இருந்தால், விண்ணப்பத்திலேயே ‘மொத்தக் குரோமியம்’ என்று தனியாக எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் வராது, வராததால் இல்லை என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

7. அறிக்கையைப் படிப்பது

அறிக்கையில் பெரும்பாலான பொருள்களுக்கு இரண்டு எல்லைகள் அச்சாகியிருக்கும்: ஏற்கத்தக்க அளவு, மாற்று ஆதாரம் இல்லாதபோது பொறுத்துக்கொள்ளும் அளவு. மொத்தக் கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, 2000 வரை பொறுக்கத்தக்கது. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. நம் ஆழ்துளைக் கிணறுகள் பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் இடையில்தான் நிற்கும். உப்புக் கரிக்கும், பாத்திரத்தில் வெள்ளை படியும், பருப்பு வேகாது. அது சிரமமே தவிர, உடனடி ஆபத்து அல்ல.

சிலவற்றுக்கு இரண்டாவது எல்லையே கிடையாது. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மொத்தக் குரோமியம் 0.05-ஐத் தாண்டக் கூடாது. நூறு மில்லிலிட்டரில், மலக் கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. இந்த மூன்றில் எது மீறினாலும் ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. கிருமிக்குக் குளோரின் மருந்தாகும். நைட்ரேட்டுக்கும் குரோமியத்துக்கும் ஆகாது. கொதிக்க வைத்தாலும் அவை போகா. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். நைட்ரேட் மிகுந்த தண்ணீரைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கை வந்த அன்றே கிராம சுகாதாரச் செவிலியர் மூலம் வீடு வீடாகச் சொல்லிவிட வேண்டும்.

காவிரித் தண்ணீர் வரும் ஊர்களில் கலப்பது நல்ல வழி. கிணற்றில் நைட்ரேட் 70, கூட்டுத் திட்டத் தண்ணீரில் 10 என்றால், சரிபாதி கலந்தால் 40 வரும், எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் கலப்பது தொட்டிக்குள் நடக்க வேண்டும். நாங்கள் திங்கள் காவிரி, செவ்வாய் போர்த் தண்ணீர் என்று விட்டுவிட்டு, அதைக் கலப்பு என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை குடித்தவருக்கு 70 முழுமையாகப் போயிற்று.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்தால் எல்லாம் தீரும் என்று விற்பனையாளர் சொல்வார். உப்பும் நைட்ரேட்டும் குறையும், உண்மை. ஆனால் வடிகட்டிய தண்ணீரில் குளோரின் மிஞ்சாது. சேமிப்புத் தொட்டியோ குழாயோ அசுத்தமானால் கிருமி தங்கு தடையின்றி வளரும். ஆகவே ஆர்.ஓ. குழாயிலும் நுண்ணுயிர் மாதிரி எடுங்கள். சவ்வு மாற்றும் செலவையும், வெளியேறும் உப்புக் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. பணம்

ஊராட்சியின் குடிநீர்ச் செலவு ஒரே பையிலிருந்து வருவதில்லை. மின் கட்டணமும் கூட்டுக் குடிநீர்க் கட்டணமும் அதற்கென ஒதுக்கிய கணக்கு எண் 2-இலிருந்து போகும். பிளீச்சிங் பவுடர், சில்லறைப் பழுது போன்றவை பொது நிதியிலிருந்து. பெரிய பழுதுக்கு நிதிக்குழு மானியம் உண்டு. 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்துக்கான மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதி, அதாவது குறித்த வேலைக்கே செலவிட வேண்டியது; அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. இந்தப் பணத்தில் செய்ய நினைக்கும் வேலை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முன்பே ஏற்றப்பட்டிருக்க வேண்டும். வால்வுக் குழியை உயர்த்திக் கட்டும் வேலையைத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டதால், பணம் கணக்கில் இருந்தும் எங்களால் ஒரு மழைக்காலம் முழுவதும் செய்ய முடியவில்லை. திட்டம் தயாராகும் மாதத்தில் செயலரோடு உட்கார்ந்து, குடிநீர் வேலைகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்.

மாதச் செலவு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. மூட்டை பவுடர், சோதனைச் சொட்டு மருந்து, தொட்டி சுத்தக் கூலி, மாதிரி கொண்டுபோன நாளின் ஐஸும் பயணமும் எல்லாம் சேர்ந்தாலும் மோட்டாருக்கான மின் கட்டணத்தின் அருகில்கூட வரவில்லை. ரசீது இல்லாத கடையில் பவுடர் வாங்கினால் மட்டும் தணிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள்.

9. கிராம சபையில் வையுங்கள்

ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று நடப்பது இதற்கென்றே அமைந்தது. ஆய்வக அறிக்கையை முழுவதும் வாசியுங்கள், கெட்ட எண்ணையும் சேர்த்து. மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கு எதிரான தீர்மானத்தை நாங்கள் அந்தச் சபையில்தான் நிறைவேற்றினோம். தனித்தனியாகச் சொன்னபோது சண்டைக்கு வந்தவர்களும் அங்கே கை தூக்கினார்கள்.

10. வயிற்றுப்போக்கு என்று செய்தி வந்த முதல் மணி நேரத்தில்

ஒரே தெருவில் இரண்டு வீட்டில் வயிற்றுப்போக்கு என்று கேட்டவுடன் அந்தத் தெருவின் வால்வை மூடுங்கள். மற்றொருவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் தகவல் சொல்லச் சொல்லுங்கள். அடுத்து, மருந்து போடுவதற்கு முன், அந்தத் தெருக் குழாயில் நுண்ணுயிர் மாதிரி ஒன்றை எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் எல்லோரும் முதலில் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுவார்கள். பிறகு எடுக்கும் மாதிரி சுத்தமாக வரும். கோளாறு எங்கே என்பது தெரியாமலே போய், அடுத்த மழையில் மீண்டும் வரும். இதற்காகவே கிருமி நீக்கிய பாட்டில் இரண்டை எப்போதும் அலுவலகத்தில் வைத்திருங்கள். ஹெச்2எஸ் குப்பிகள் இருந்தால் அவற்றிலும் ஒன்றை நிரப்பி வையுங்கள், 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக் கழிவு கலந்திருக்கக்கூடும் என்பதற்கு அது முதல் அறிகுறி.

லாரியில் வரும் மாற்றுத் தண்ணீரையும் குளோரின் அளந்த பின்பே குடங்களில் விடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் செவிலியரிடம் கிடைக்கும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்று, அரை அரையாகக் கலக்கக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

பிறகு சாக்கடை ஓரமாக நடந்து, ஒவ்வொரு வால்வுக் குழியையும் திறந்து பாருங்கள். உடைப்பைச் சரிசெய்தபின், குழாயைப் பிளீச்சிங் கரைசலால் நிரப்பிச் சில மணி நேரம் நிறுத்தி வைத்து, அதை வெளியேற்றிவிட்டு, கடைக்கோடிக் குழாயில் 0.5 வரும்வரை தண்ணீரைக் கழிவாக ஓடவிட வேண்டும். அதன்பின் எடுக்கும் மாதிரியில் கிருமி இல்லை என்று அறிக்கை வரும்வரை, அந்தத் தெருவுக்கு லாரித் தண்ணீரை நிறுத்தாதீர்கள். எத்தனை பேர் வந்து வால்வைத் திறக்கச் சொன்னாலும், திறந்த தேதியும் மணியும் அறிக்கைத் தேதிக்குப் பிந்தியதாகவே பதிவேட்டில் இருக்க வேண்டும்.